கூர்ப்புக் கொள்கையும் நம் மலைநாடும்

உயிரினங்களின் கூர்ப்பு என்றதும் நம் மாணவருட் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவன, தென்னமெரிக்காவுக்கு அப்பாலுள்ள கலாபாகசுத் தீவுகளும் அங்குள்ள சிறு குருவிகளுமேயாம். பாடநூல் அவ்வாறு பழக்கிவிட்டது. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை எனப் பரந்து கிடக்கும் திம்புள்ளப் பிரதேசத்துப் பிள்ளைகள், தாம் நாள்தோறும் ஏறி இறங்கும் மலைகளைச் சூழ்ந்த நாடு இக்கொள்கையின் வரலாற்றில் இடம்பெற்றது என்பதை அறியார். அறிவித்தவரும் அதிகம் இலர். அக்குறையைச் சிறிதேனும் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டார்வினுக்கு முன்னரும் உயிரினங்கள் மாறி வந்தன என்று கருதியோர் இருந்தனர். பிரெஞ்சு அறிஞர் லாமார்க்கு 1809இலேயே இதுபற்றி நூல் எழுதினார். ஆயின் மாற்றம் எவ்வழியாக நிகழ்கின்றது என்ற வினாவுக்குத் தக்க விடை 1858ஆம் ஆண்டு யூலை முதலாம் நாளன்றுதான் கிடைத்தது. அன்று இலண்டனில் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலசு இருவரின் கட்டுரைகளும் ஒருங்கே வாசிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டார்வினின் பெருநூல் வெளிவந்தது.

அவர்கள் சொன்னதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய விதைத் தேயிலை மலையே போதும். அங்கே ஒரு செடியைப் போல் மறு செடி இராது. ஒன்றின் இலை அகன்றது, மற்றொன்றினது ஒடுங்கியது. ஒன்று முந்திக் கொழுந்து விடும். அடுத்தது பத்து நாள் பிந்தும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இது நன்கு தெரியும். இத்தகைய வேறுபாடுகள் எல்லா உயிர்களிலும் உண்டு. அவற்றுட் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றன. பிறப்பன எல்லாம் பிழைப்பதில்லை. பிழைப்பதற்கு உதவும் வேறுபாடு எதுவோ அதனை உடையவை மிகுதியாகச் சந்ததி விடுகின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் இனமே மாறிவிடுகின்றது. இதுவே இயற்கைத் தேர்வு. இவ்வளவு எளிய கருத்தை உலகம் இத்துணைக் காலம் காணாதிருந்ததே வியப்பு.

டார்வினின் அந்நூலிலேயே இலங்கையின் பெயர் வருகின்றது. இமயத்திலும், இந்தியத் தீபகற்பத்தின் தனித்தனி மலைகளிலும், இலங்கையின் உயர்நிலங்களிலும் ஒத்த தாவரங்கள் காணப்படுகின்றன. ஆனால் இடையிலுள்ள வெப்பமான தாழ்நிலங்களில் அவை இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றோர் செந்நிறப் பூங்கொத்துகளோடு நிற்கும் காட்டுப்பூவரச மரங்களைக் கண்டிருப்பர். ரோடோடென்றன் எனப்படும் அம்மரம் நீலகிரியிலும் உண்டு, இமயத்திலும் உண்டு. மூன்றிடத்து மரங்களும் ஓரினமே. எனினும் ஒவ்வோரிடத்திலும் சிறிது வேறுபட்டுத் தனி உபஇனமாக நிற்கின்றன. விதை எவ்வாறு இத்துணைத் தூரம் வந்தது? பனிக்காலத்தில் உலகம் குளிர்ந்தபோது குளிர்நாட்டுத் தாவரங்கள் தாழ்நிலங்களிலும் பரவின. மீண்டும் வெப்பம் மிகுந்தபோது மலையுச்சிகளில் ஒதுங்கித் தனித்தனியே சிறைப்பட்டன என்பது டார்வின் தந்த விளக்கம்.

இலங்கைச் செய்திகளை அவருக்கு அறிவித்தவருள் முதன்மையானவர் பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிட்சு என்பவர். 1849 முதல் 1880 வரை அப்பதவி வகித்த இவர், டார்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். இங்குள்ள ஒரு மரத்தின் பூக்கள் இரு வடிவினவாய் இருப்பதை, அதாவது சில மரங்களிற் சூல்தண்டு நீண்டும் வேறு சிலவற்றிற் கேசரங்கள் நீண்டும் இருப்பதை, இவர் முன்னரே குறித்திருந்தார். டார்வின் 1877இல் வெளியிட்ட பூக்களைப் பற்றிய நூலில் அக்குறிப்பைப் பயன்படுத்தியுள்ளார். துவெயிட்சு என்னும் இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். வேறொரு விடயத்தில் மீண்டும் வருவார். டார்வினின் கொள்கையை ஜெர்மனியிற் பரப்பிய எர்ன்சுட்டு ஹெக்கலும் 1881ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, மலைநாட்டையும் பார்த்து, பயணநூல் எழுதினார்.

இனி, நம் மலைகளின் சான்றுகளுள் மிகச் சிறந்ததற்கு வருவோம். அது ஒரு தவளை. மழைக்கால இரவில் காட்டோரப் புதர்களிலிருந்து டிக், டிக் எனக் குரல் கேட்கும். விரல்நுனியில் அமரக்கூடிய சிறு புதர்த் தவளைகள் அவை. மற்றைத் தவளைகளைப் போல் இவை நீரில் முட்டையிடுவதில்லை. ஈரமண்ணில், சருகின் கீழ் முட்டையிடும். வாலோடு நீந்தும் வாற்பேத்தைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்து, முழுத்தவளைக் குஞ்சே வெளிவரும். ஈரக்காடு இருக்கும்வரை இவற்றுக்குக் குளம் வேண்டியதில்லை. ஈரம் அற்றாலோ வாழ்வும் இல்லை.

2002ஆம் ஆண்டில் மாதவ மீகஸ்கும்புர, ரொஹான் பெத்தியாகொட முதலிய இலங்கை ஆய்வாளரும் பிறநாட்டாரும் சேர்ந்து, இத்தவளைகள் முன்னர் எண்ணியதினும் பன்மடங்கு இனங்களைக் கொண்டவை என அறிவித்தபோது அறிவியல் உலகம் திகைத்தது. இன்று எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. ஏறக்குறைய எல்லாமே இலங்கைக்கே உரியவை. டீ.என்.ஏ. எனும் பரம்பரைப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்ததில், இவற்றின் முன்னோர் ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து தரைவழியே வந்தனர் என்றும், ஒரு வேரிலிருந்து இத்தனை கிளைகளும் இங்கேயே பிரிந்தன என்றும் தெரிந்தது. பின்னொரு காலத்தில் ஒரு கிளை மீண்டும் இந்தியாவுக்குத் திரும்பியும் இருக்கின்றது. போனவர் வந்தவர் கணக்கு நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

ஓர் ஐயம் எழலாம். பனிக்காலங்களிற் கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்து, பாக்கு நீரிணை தரையாய்க் கிடந்ததே. இருபுறத்து உயிர்களும் கலந்திருக்க வேண்டாமா? 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு விடை தந்தது. தவளை, நன்னீர் நண்டு, மண்ணுட் புதையும் பாம்பு எனப் பலவற்றை ஆராய்ந்தபோது, தரைப்பாலம் இருந்தும் இலங்கைக் கூட்டம் வேறாகவும் மேற்குத் தொடர்ச்சிமலைக் கூட்டம் வேறாகவும் பெரும்பாலும் பிரிந்தே இருந்தமை புலனாயிற்று. ஈரக்காட்டு உயிர்க்கு வறண்ட சமவெளியும் ஒரு கடல்தான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. மகாவலிப் பள்ளத்தாக்கே போதும். நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் மூக்கில் வெண்கொம்பு நீட்டிய ஓணான் ஒன்று உண்டு. பள்ளத்தாக்கின் அப்பாலுள்ள நக்கிள்ஸ் மலையில் வாழும் அதன் உறவினத்தின் கொம்போ இலைவடிவில் தட்டையாய் இருக்கும். வாலாற் கிளையைச் சுற்றிப்பிடித்துக் குட்டி ஈனும் வேறோர் ஓணானும் நம் மலையில் வாழ்கின்றது. நக்கிள்சில் உள்ளது அதே இனம் என எண்ணியிருந்தோர்க்கு, அது தனியினம் என்பது 2006இல் தெளிவாயிற்று. உச்சியிற் குளிர்காற்றிற் பழகியவை கீழ்ப்பள்ளத்து வெப்பத்தைக் கடக்கமாட்டா. நெடுங்காலம் பிரிந்திருந்தவை பிறவாயின.

உயிர்ச்சுவடுகளைப் பற்றி இங்கு அதிகம் கூறுவதற்கில்லை. மலைநாட்டுப் பாறைகள் மிகத் தொன்மையானவை. வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. இரத்தினபுரி மணிக்கல் அகழ்வுகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன என்பதையும், அவற்றை ஆராய்ந்தவர் கொழும்பு நூதனசாலைத் தலைவராயிருந்த போல் தெரணியகலை என்பதையும் மாத்திரம் குறித்து மேலே செல்வோம்.

டார்வினால் விளக்க முடியாதிருந்தது ஒன்று. வேறுபாடுகள் எங்ஙனம் பிள்ளைகளுக்குச் செல்கின்றன என்பது. கிரகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வு விடையைக் கொண்டிருந்தும், 1900 வரை எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் இரு கொள்கைகளையும் கணிதத்தாற் பிணைத்தவருள் ஹால்டேன் ஒருவர். அவர் 1957இல் இந்தியாவில் வந்து குடியேறி, அந்நாட்டுக் குடிமகனாகவே 1964இற் காலமானார்.

கூர்ப்பைக் கண்ணாற் கண்டவர் யார் என்று பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. குரங்கு பெற்ற பிள்ளையா மனிதன் என்று கேட்போரும் உளர். குரங்கும் மனிதனும் ஒரு பழைய மூதாதையின் வழிவந்த இரு கிளைகள் என்பதே கொள்கை. மறுபுறத்தில், தசாவதாரமே டார்வின் சொன்னது என்று மேடையில் முழங்குவோரையும் காண்கின்றோம். அவதாரக் கதைகள் இறைவனின் அருளைப் பேசுவன. அவற்றுக்கு ஆய்வுகூடத்திற் சான்று தேடுவது புராணத்துக்குப் பெருமையன்று, அறிவியலுக்கு உதவியுமன்று. கண்ணாற் கண்ட சான்று வேண்டுமென்போர் கோப்பியின் கதையைக் கேட்கவேண்டும். அது நம் பாட்டன்மாரின் கதையுமாகும்.

அவர்கள் இம்மலைகளுக்கு வந்தது தேயிலைக்காக அன்று, கோப்பிக்காக. 1869இல் மடுல்சீமையில் கோப்பியிலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி தோன்றியது. முன்னர்க் கூறிய துவெயிட்சு அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்குள்ளோர் அப்பங்கசுக்கு அழிப்பவள் எனப் பொருள்தரும் இலத்தீன் பெயரிட்டனர். பெயர் பொய்க்கவில்லை. 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் நின்ற கோப்பி, நூற்றாண்டு முடியுமுன் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. துரைமார் பலர் முதலை இழந்தனர். கூலிகளோ வேலையையும் சோற்றையும் இழந்தனர். 1880இல் ஆய்வுக்கென வந்த மார்ஷல் வார்டு என்னும் இளைஞர், நோய் காற்றிற் பரவும் நுண்வித்திகளாலானது என்று காட்டி, மலைமலையாய் இடைவெளியின்றி ஒரே செடியை நட்டதே அதற்கு விருந்தாயிற்று என விளக்கினார். கேட்பதற்குக் காலம் கடந்திருந்தது.

கோப்பி அழிந்தது கூர்ப்புக்குச் சான்றாகாது. அதன் பின்னர் மைசூரில் நிகழ்ந்ததே சான்று. 1911இல் அங்கே ஒரு தோட்டத்தில் நோய் தாக்காத கோப்பிச் செடி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கெண்ட் என்ற பெயரோடு அதன் வழித்தோன்றல்கள் பரந்து நடப்பட்டன. சில ஆண்டுகளே நிம்மதி. பின்னர் அச்செடியிலும் செம்மஞ்சட் பொடி படிந்தது. பாலெஹொன்னூர் ஆய்வுநிலையத்திலிருந்த வில்சன் மெயின், இப்பங்கசில் வெவ்வேறு குலங்கள் உண்டு என்று 1932இல் எடுத்துரைத்தார். பங்கசு கூடிப் பேசித் திட்டமிட்டதில்லை. கோடானுகோடி வித்திகளுள் எங்கோ சிலவற்றில் தற்செயலாய் விகாரம் நேர்ந்து, கெண்ட் செடியையும் துளைக்கும் ஆற்றல் வாய்த்தது. மற்றவை பட்டினியால் மடிய, அவை மட்டும் பெருகின. டார்வின் சொன்னது வேறொன்றுமன்று. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட குலங்கள் அறியப்பட்டுள்ளன. தீமோர்த் தீவின் கலப்பினத்திலிருந்து உருவாக்கி, எதிர்ப்பாற்றல் மிக்கது எனக் கொண்டாடிய லெம்பிரா என்னும் வகையும் ஹொண்டூரசு நாட்டில் 2017அளவில் தோற்றது.

இதனைச் சொல்லும்போது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை எண்ணாதிருக்க இயலாது. 1925இல் நிறுவப்பெற்ற அந்நிலையம், விளைவு மிக்க செடிகளைத் தேர்ந்து, தண்டுத்துண்டிலிருந்து கன்று உண்டாக்கும் முறையைப் பரப்பிற்று. அதுவே வீ.பி. தேயிலை. டி.ஆர்.ஐ. 2025 என்னும் வகையை அறியாத தோட்டம் அரிது. விளைச்சல் உயர்ந்தது உண்மை. அதனாற் பிழைத்த குடும்பங்கள் பல. எனினும் ஒரே வகை நட்ட மலை, பரம்பரை முறையில், ஆயிரம் முறை எழுதிய ஒரே செடிதான். 1946இல் கொப்புள நோய் இந்நாட்டுத் தேயிலைக்கு வந்தபோது மலைகளில் நின்றவை பெரும்பாலும் விதைத்தேயிலை. ஒவ்வொரு செடியும் வேறு. இன்று அவ்விதைமலைகளைப் பிடுங்கி வீ.பி. நடுவதே எங்கும் வழக்கமாகியுள்ளது. ஒவ்வொரு தோட்டமும் பழைய விதைச்செடிகளிற் சில வரிகளையேனும் ஓர் ஓரத்தில் விட்டுவைப்பதும், புதுமலையிற் பல வகைகளைக் கலந்து நடுவதும் செலவு மிக்க காரியங்கள் அல்ல என்பது என் கருத்து.

கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் வெட்டிய காட்டோடு போனவை எத்தனை என்பதை அந்தப் புதர்த் தவளைகளே கூறும். நூதனசாலைப் போத்தல்களில் மட்டுமே எஞ்சியுள்ள இனங்கள் பதினைந்துக்கு மேல். அவற்றுள் ஒன்றாகக் கருதப்பட்டது, இலங்கையிற் பிறந்த மருத்துவர் கேலார்ட்டு 1853இல் நுவரெலியாவிலிருந்து விவரித்த, உடலில் விண்மீன்போற் புள்ளிகளையுடைய பச்சைத் தவளை. நூற்றறுபது ஆண்டுகளாக அதனை எவரும் கண்டிலர். மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் அவர் கூட்டத்தாரும் சிவனொளிபாத மலைக் காட்டில் அதனை உயிருடன் கண்டு, 2013இல் அறிவித்தனர். திம்புள்ளையின் தென்மேற்கே, தேயிலை முடிந்து முகில் படியும் காடு தொடங்குமிடத்தில் அது இன்றும் இருக்கின்றது.