டூலெட் போர்டில் எழுதாத வாடகை

செங்கல்பட்டு மாவட்டத்தில் வீடு தேடுகிறவர் முதலில் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். சென்னை பீச்சிலிருந்து வரும் மின்சார ரயில் செங்கல்பட்டு வரை ஓடுகிறது. கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம் என்றால் ஒரு வாடகை. இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் போனால் குறையும். குறைந்த அந்தப் பணத்தில் பாதியை ஷேர் ஆட்டோவும் பெட்ரோலும் வாங்கிக்கொள்ளும்.

மாமல்லபுரத்துக்கு ரயிலே கிடையாது. ஆனாலும் அங்கே வீடு கிடைப்பது சிரமம். உங்களோடு போட்டி போடுகிறவர் சனி, ஞாயிறு வந்து போகும் சுற்றுலாப் பயணி. ஒரு மாத வாடகையை நாலு வார இறுதியில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடும் ஓனர், குடும்பத்துக்கு விடத் தயங்குவார். புதிதாகக் கட்டவும் எளிதில் முடியாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். கடல் பக்கம் போனால் கடலோர ஒழுங்குமுறை விதிகள்.

தண்ணீர்க் கதை இன்னும் வேடிக்கை. பக்கத்து நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது, 2024-இல் இரண்டாவதும் வந்தது. அந்த நீர் போவது சென்னைக்கு. இங்கே வாடகைக்கு இருப்பவர் கேன் தண்ணீருக்கும், கோடையில் லாரித் தண்ணீருக்கும் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பா என்று ஓனரிடம் கேட்காதீர்கள். குழாயைத் திறந்து வாயில் வைத்துப் பாருங்கள்.

கரண்ட் பில்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 260 யூனிட் ஓடினால் 160-க்கு மட்டுமே காசு. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஓனர் வசூலித்தால் அதே 260 யூனிட்டுக்கு 2,080 ரூபாய். அரசு தரும் இலவசம் உங்களுக்கு வந்து சேராது.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் உண்டு. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய' என்ற சின்ன வாசலும் அதிலேயே இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் அந்த வழியாகத்தான் நுழைகிறது. பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர் சொல்வார். இந்தச் சட்டத்தில் அப்படி விலக்கு இல்லை. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், மெயின்டனன்ஸ் யார் தலையில், கரண்ட் எந்த மீட்டரில் என்பதையெல்லாம் அட்வான்ஸ் கைமாறும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.