பிறந்த நாளுக்கு ஆந்தை வருமா?

மந்திரக்கோல், மாயக் கஷாயம், பறக்கும் விளக்குமாறு எல்லாமே வீட்டில் இருக்கின்றன. ஆந்தை மட்டும் காட்டிலேயே இருக்கட்டும்.

டிசம்பர் மாதத்தில் அந்தமானில் மாலை ஐந்து மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. கடிகாரம் டெல்லி நேரத்தைக் காட்டுகிறது. வானமோ பர்மாவை ஒட்டி நடக்கிறது. குழந்தைகளுக்கு மந்திரவாதி விருந்து வைக்க இதைவிட வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம். விருந்தினர்கள் வந்து சேரும்போதே இருட்டு இலவசமாக வந்துவிடும்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில், என் அக்கா வீட்டில் நடந்தது அப்படி ஒரு விருந்து. அக்கா மகனுக்குப் பத்து வயது நிறைகிறது. கிரிக்கெட் மட்டை வடிவ கேக் எல்லாம் போன வருடத்தோடு சரி. இந்த முறை ஹாரி பாட்டர். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறையப் பட்டியல் தயாராக இருந்தது. கூம்புத் தொப்பி, கறுப்பு அங்கி, மந்திரக்கோல், நிறம் மாறும் கஷாயம், பறக்கும் விளக்குமாறு. கடைசி வரியின் கீழே இரண்டு கோடுகள்: 'ஆந்தை - உயிரோடு.'

பட்டியல் என் கைக்கு வந்தது. மாமா பத்திரிகைக்காரர், அவருக்கு யாரையாவது தெரிந்திருக்கும் என்பது அவன் கணக்கு.

எங்கள் அம்மாவுக்கு விழா அமைப்பிலேயே ஆட்சேபம். "பொறந்த நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள மந்திரவாதியா? அதுல ஆந்தை வேறயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரே கேள்வியில் இரண்டு சிக்கல்கள். ஒன்று சொல்லைப் பற்றியது. மற்றொன்று பறவையைப் பற்றியது. இரண்டுமே கவனிக்க வேண்டியவை.

வில்லனா, நண்பனா?

அம்மாவின் பயம் நியாயமானது. தமிழ்க் கதைகளில் மந்திரவாதி நல்லவனாக வருவது அபூர்வம். ஏழு கடல், ஏழு மலை தாண்டிக் கிளியின் உடம்பில் தன் உயிரை ஒளித்துவைப்பவன் அவன். இளவரசியைக் கடத்துபவனும் அவனே. 1951-இல் வந்த பாதாள பைரவியில் எஸ்.வி. ரங்காராவ் நடித்த மந்திரவாதியைப் பார்த்து மிரண்ட தலைமுறைக்கு, அந்த வேடத்தில் ஒரு குழந்தையை நிறுத்துவது ஏற்கக்கூடியதாக இருக்காது.

பேரனின் நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வகுப்பில் வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிப் பிள்ளைகள் எல்லாம் கலந்திருக்கிறார்கள். 2011 கணக்குப்படி தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். ஆனால் தெருவில் விளையாடும் மொழி இந்தி. அதில் அவன் 'ஜாதூகர்'. கைவித்தை காட்டிக் கைத்தட்டல் வாங்குகிறவன். மொழி மாறினால் ஆளின் குணமும் மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இது தெரிந்த தலைவலிதான்.

இந்தத் தீவுகளின் பழைய மொழிகளில் இதற்கு வேறு ஒரு சொல் இருந்தது. 1906 முதல் 1908 வரை இங்கே ஆய்வு செய்து 1922-இல் புத்தகம் வெளியிட்ட மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், அந்தமான் பழங்குடியினரிடையே மந்திர ஆற்றல் உள்ளவரை 'ஓகோ-ஜுமு' என்று அழைத்ததைப் பதிவு செய்திருக்கிறார். கனவிலிருந்து பேசுபவர் என்பது அதன் பொருள். பத்து வயதுப் பையன் ஆக விரும்பும் மந்திரவாதிக்கு, நான் பார்த்த சொற்களிலேயே இதுதான் நெருக்கமாக இருக்கிறது.

ஒரு பையன், ஒரு ஆந்தை, ஓர் அறிக்கை

சொல் சிக்கலைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆந்தை அப்படியல்ல.

உயிருள்ள ஆந்தையைக் கேட்ட முதல் குழந்தை என் மருமகன் இல்லை. பறவை வணிகத்தைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்த பறவையியலாளர் அப்ரார் அகமதுவிடம் நண்பர் ஒருவரின் மனைவி ஒரு முறை உதவி கேட்டார். மகனின் பத்தாவது பிறந்த நாள், ஹாரி பாட்டர் பாணி விருந்து; வெள்ளை ஆந்தை ஒன்று உயிரோடு வேண்டும். அவர் ஏற்பாடு செய்து தரவில்லை. ஆனால் கேள்வி அவர் மனதில் தங்கியது. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்புக்காக அவர் எழுதிய ஆந்தை வணிக ஆய்வு 2010 நவம்பரில், தீபாவளியை ஒட்டி வெளியானது.

அதை வெளியிட்ட அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், ஹாரி பாட்டருக்குப் பிறகு நகர்ப்புற நடுத்தரக் குடும்பங்களில்கூடக் குழந்தைகளுக்கு ஆந்தையைப் பரிசளிக்கும் விநோத ஆசை தெரிகிறது என்று கவலைப்பட்டார். உலகச் செய்தித்தாள்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. அறிக்கையின் கனமான பகுதி வேறு. இந்தியாவில் பதிவான 30 ஆந்தை இனங்களில் பாதி, அதாவது 15 இனங்கள், பறவைச் சந்தையில் கைமாறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை போய்ச் சேர்வது பிறந்த நாள் விருந்துக்கு அல்ல. மாந்திரீகச் சடங்குகளுக்கும் பலிக்கும். தீபாவளி நெருங்கும்போது கிராக்கி ஏறுகிறது.

ஆக, வேடமிட்ட குட்டி மந்திரவாதியும் நிஜ மந்திரவாதியும் ஒரே வியாபாரியின் கதவைத்தான் தட்டுகிறார்கள். குழந்தையின் ஆசை எத்தனை வெள்ளையாக இருந்தாலும், கூண்டிலிருக்கும் பறவைக்கு அந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை. சட்டத்துக்கும் தெரியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டு ஆந்தைகளைப் பிடிப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அக்கம்பக்கத்து அனுபவமும் பாடமாக இருக்கிறது. கிரேட் நிகோபாரின் தென்முனையிலிருந்து 200 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் இந்தோனேஷியாவின் சுமத்ரா. அந்நாட்டு மொழியில் ஆந்தைக்குப் 'பேய்ப் பறவை' என்று பெயர். ஜாவா, பாலி தீவுகளின் பறவைச் சந்தைகளை ஆராய்ந்து வின்சென்ட் நெய்மன், அன்னா நெகாரிஸ் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, சந்தையில் அதன் பெயரே 'ஹாரி பாட்டர் பறவை' என்று மாறிவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறாக இருந்த விற்பனை, 2016-இல் 13,000-ஐத் தாண்டியிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. இதற்குக் கதை மட்டுமே காரணம் என்று அவர்களும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பேய் என்று பயந்து ஒதுக்கியவரை பறவை பிழைத்தது. பிரியமானதும் கூண்டுக்கு வந்தது.

கதையை எழுதிய ஜே.கே. ரௌலிங்கே, ஆந்தையை வீட்டுக் கூண்டில் அடைத்தால் அது மகிழ்ச்சியாக இருக்கும் என்று தன் புத்தகத்தைப் படித்து யாராவது நினைத்தால் அது தவறு என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அகராதிக்காரர் பெயரில் ஒரு கூகை

இதையெல்லாம் பத்து வயதுப் பையனிடம் பிரசங்கமாகச் சொன்னால் எடுபடாது. எனவே வேறு வழியில் போனேன். ஹாரியின் ஆந்தை ஹெட்விக், துருவப் பகுதியின் பனி ஆந்தை இனம். அந்தமானின் புழுக்கத்தில் அது படாத பாடு படும். கதையில் ஹெட்விக் பெண். பனி ஆந்தைகளில் ஆண்தான் அதிக வெள்ளை என்பதால், படத்தில் நடித்தவை ஆண் பறவைகள். இதைக் கேட்டதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நம்ம ஊர்ல என்ன ஆந்தை இருக்கு மாமா?"

நல்ல கேள்வி. இந்தத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஆந்தைகள் என்று பறவையியலாளர்கள் சிலவற்றைச் சொல்கிறார்கள். அவற்றில் அந்தமான் கூகை ஒன்று. இதய வடிவ முகம், பொன்னும் செம்மையும் கலந்த உடல். 1875-இல் இதை விவரித்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் - காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான் - அதன் அறிவியல் பெயரில் ரோப்ஸ்டார்ஃப் என்ற டேனிஷ்காரரின் பெயரைச் சேர்த்தார். ரோப்ஸ்டார்ஃப் நிகோபாரில் அதிகாரியாக இருந்தவர், மொழி ஆர்வலர். 1883-இல் கமோர்ட்டா தீவில் காவற்படையைச் சேர்ந்த ஒருவரால் கொல்லப்பட்டார். அவர் தொகுத்த நான்கௌரி மொழி அகராதியை அவர் மனைவி அடுத்த ஆண்டு பதிப்பித்தார். அகராதிக்காரர் ஒருவர் பெயரைச் சுமக்கும் ஆந்தை! ஹெட்விக்குக்கு இந்தப் பெருமை கிடையாது.

அம்மாவிடம் சொல்லவும் ஒரு செய்தி இருந்தது. அபசகுனம் என்று நாம் ஒதுக்கும் கூகைக்குச் சங்க இலக்கியத்தில் மரியாதையான இடம் உண்டு. நற்றிணைப் பாட்டு ஒன்றில் தோழி கூகையிடம் பேரம் பேசுகிறாள். தலைவன் வரும் இரவில் அலறி ஊரை எழுப்பிவிடாதே. கறியும் நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறேன் என்கிறாள். பிடித்து அடைக்க நினைக்காமல் விருந்து வைத்துக் கெஞ்சியிருக்கிறார்கள்.

அடுக்களையில் மாயக் கஷாயம்

உயிருள்ள ஆந்தை பட்டியலிலிருந்து நீங்கியது. அழகு அட்டையில் ஆந்தைகள் வெட்டுவது என்று முடிவானது. வெள்ளையில் அல்ல, பழுப்பிலும் பொன்னிறத்திலும். ஒவ்வொன்றின் முதுகிலும் தீவு ஆந்தை ஒன்றின் பெயர். அழைப்பிதழும் அதுவே, வீட்டுக்குக் கொண்டுபோகும் பரிசும் அதுவே.

மற்றவற்றுக்குக் கடைக்குப் போகும் அவசியமே இல்லை. சென்னையிலிருந்து கப்பலில் சாமான் வந்து சேர மூன்று நாள் ஆகும் ஊரில் இது ஆறுதல். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் இங்கே வீட்டுக்கு வீடு மழைக்கோட்டு உண்டு. கறுப்பாக இருப்பவை அங்கிகளாயின. மூங்கில் குச்சியில் வண்ணக் காகிதம் சுற்றினால் மந்திரக்கோல். பறப்பதற்கு ஈர்க்கு விளக்குமாறு. நல்ல நாளில் அதைக் கூடத்துக்குக் கொண்டுவருவதற்கும் அம்மா எதிர்ப்புத் தெரிவித்தார். புதிதாக வாங்கியதுதான் என்று அத்தான் சத்தியம் செய்த பிறகே அனுமதி கிடைத்தது.

எலுமிச்சைச் சாற்றில் எழுதிக் காயவைத்த ரகசியக் கடிதங்களை அக்கா இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க, எழுத்துகள் பழுப்பாக எழுந்து வந்தன. சங்குப்பூ ஊறிய நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. தம்ளரில் ஆப்ப சோடாவைப் போட்டு எலுமிச்சைச் சாற்றை ஊற்றினால் பொங்கும் நுரை. ஒவ்வொன்றுக்கும் குழந்தைகள் இந்தியில் ஒரு மந்திரம் கண்டுபிடித்தார்கள்.

கடைசி வித்தையை அம்மா செய்தார். அவருக்கு அது வித்தை என்றே தெரியாது. பேரனுக்குச் சுற்றிப்போட ஆரத்தி கரைக்க, தாம்பாளத்தோடு வந்தார். மஞ்சள் தண்ணீரில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்ததும் அது ரத்தச் சிவப்பானது. பதினான்கு பிள்ளைகளும் வாயடைத்துப் போனார்கள். "தாதி ஜாதூகர் ஹை!" என்று ஒரு குரல்.

சுண்ணாம்பின் காரத்தில் மஞ்சள் சிவக்கிறது, எலுமிச்சைப் புளிப்பில் மீண்டும் மஞ்சளாகிறது என்று நான் விளக்க ஆரம்பித்ததை யாரும் கேட்கவில்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சத்தமாகச் சொல்லிவைத்தேன். மந்திரவாதி வேண்டாம் என்றவரைச் சுற்றி மந்திரவாதிகள் வரிசையில் நின்றார்கள். அவர் மூன்று முறை சுண்ணாம்பு கரைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் மாலை

மறுநாள் அத்தான் எங்களைச் சிடியா டாப்புவுக்கு அழைத்துப் போனார். ஊரிலிருந்து சுமார் 25 கி.மீ.; பறவை பார்ப்பவர்கள் தேடி வரும் இடம். பெயரிலேயே பறவை இருக்கிறது. கடலுக்கு மேல் வெளிச்சம் அணைந்ததும் பாட்டு, டார்ச், செல்போன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னோம். பத்து வயதுக்கு அது பெரிய தண்டனை. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அரை மணிக்கு மேல் ஆனது. மரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சற்று நேரம் கழித்து மறுபடியும். உருவம் தெரியவில்லை. பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "வந்துடுச்சு மாமா" என்றான், மிக மெதுவாக.

ஆந்தை எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணிப் பலன் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். பழக்கதோஷத்தில் அம்மாவின் விரல்கள் எண்ணத் தொடங்கின. எண்ணி முடித்து என்ன பலன் என்று அக்கா கேட்டபோது அம்மா சொன்னார்: "அது அது ஊர்ல இருக்கு, நாம போய்ப் பாத்துட்டு வந்துட்டோம். அவ்வளவுதான்."