பெட்டி திரும்பி வந்த கதை

நவராத்திரி நெருங்கினால் நம் சங்கத்து மாமிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வருஷம் என்ன பொம்மை?" என்பது. இரண்டாவது, "வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறாயாமே, எப்படி?" முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதற்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் செய்த பொருளைக் கடல் கடந்து விற்க நினைக்கும் சகோதரிகளுக்கு இது உதவட்டும்.

காகிதக் கூழில் பொம்மை செய்யக் கற்றுக் கொடுத்தவர் என் காஞ்சிபுரத்து அத்தை. தில்லிக்கு வந்த பிறகும் அதை நான் விடவில்லை. 2022-ல் லண்டனிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்மணி தசாவதார செட் கேட்டார். விலை 160 பவுன் என்று பேசினோம்.

கூரியர் அலுவலகத்தில் முதல் அதிர்ச்சி. பெட்டியின் எடை நாலரை கிலோ. அவர்கள் போட்ட கணக்கோ 12 கிலோ! நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்களாம். என் பெட்டி 50, 40, 30. பெருக்கினால் 60,000, வகுத்தால் 12. உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பொம்மைகளைச் சுற்றியிருந்த காற்றுக்கும் கூலி! அனுப்பும் செலவு 90 பவுன் ஆயிற்று. அதையும் அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் கொடுத்தார்.

அடுத்தது பெரிய அடி. பிரிட்டனில் 135 பவுனுக்கு மேற்பட்ட பொருள் போய் இறங்கினால், வாங்குபவரிடம் 20 சதவீத வாட் வரி கேட்பார்கள். பொருள் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்து. 250 பவுனுக்கு 50 பவுன் வரி. அதற்கு மேல் கூரியரின் கையாளும் கட்டணம். இது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "முன்பே சொல்லியிருக்கலாமே" என்று வருத்தப்பட்டவர், பெட்டியை வாங்க மறுத்துவிட்டார்.

சரஸ்வதி பூஜை முடிந்து பெட்டி திரும்பி வந்தது. திரும்பி வரும் செலவும் என் தலையில். நம் பொருளே வந்தாலும் நம் சுங்கத்துக்கு அது இறக்குமதிதான். இங்கிருந்து போனதுதான் என்று ஏற்றுமதிப் பத்திரத்தைக் காட்ட வேண்டியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதைவிட, ஒரு வீட்டில் கொலுப்படி காலியாக இருந்திருக்குமே என்பதுதான் உறுத்தியது.

"கிஃப்ட் என்று எழுதியிருக்கலாமே" என்றார் தெரிந்தவர் ஒருவர். பிரிட்டனில் அன்பளிப்புக்கு வாட் சலுகை 39 பவுன் வரைதான். அதுவும் விற்ற பொருளுக்குக் கிடையாது. பொய் எழுதி, சிக்கினால் மானமும் போகும்.

அதன் பிறகு சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். பெட்டியை அளந்த பிறகே விலை சொல்வேன். பொருள் விலை, அனுப்பும் செலவு, அந்த நாட்டு வரி, அதை யார் கட்டுவது என்று நான்கையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுவேன். 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி இறக்குமதி எண்ணும் வாங்கிவிட்டேன். தபாலில் அனுப்ப 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையங்களும் இருக்கின்றன.

2025-ல் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. அமெரிக்காவில் 2016 முதல் 800 டாலர் வரை இருந்த வரி விலக்கு, 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதி எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் நின்றது. அதற்குச் சில நாள் முன்பே நம் தபால் துறை அங்கே பார்சல் அனுப்புவதை நிறுத்தி வைத்தது. நியூஜெர்சி வாடிக்கையாளர் ஒருவருக்கு அஷ்டலட்சுமி செட் தயாராக இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினேன். "அவசரமில்லை, அடுத்த கொலுவுக்கு ஆகட்டும்" என்று பதில் வந்தது.

அக்டோபர் 15-ல் தபால் மீண்டும் தொடங்கியது. அப்போது பொருள் மதிப்பில் 50 சதவீத வரியை இங்கே பதிவு செய்யும்போதே வாங்கினார்கள். கணக்கை அனுப்பினேன், பணம் வந்தது. விகிதங்கள் அடிக்கடி மாறுகின்றன. அனுப்பும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

லண்டனிலிருந்து திரும்பிய தசாவதாரம் இப்போது எங்கள் வீட்டுக் கொலுவில் மூன்றாம் படியில் இருக்கிறது. கொலுவுக்கு வாருங்கள், சுண்டலோடு சந்தேகங்களையும் தீர்த்துக்கொள்ளலாம்!