புயலுக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகள்

"நீங்க எப்போ இரட்சிக்கப்பட்டீங்க?" தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே, குறிப்பாகப் பெந்தெகொஸ்தே சபைகளிலும் எழுப்புதல் கூட்டங்களிலும், அறிமுகமான சற்று நேரத்திலேயே வந்துவிடும் கேள்வி இது. பதிலும் தயாராக இருக்கும். ஆண்டு, மாதம், தேதி, சிலருக்கு மணிக்கணக்குகூட. எந்த மைதானத்தில், எந்த ஊழியர் பேசியபோது, எந்தப் பாட்டுக்குக் கைதூக்கினார் என்று சாட்சி சொல்வார்கள். சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கவலை வேறு. அந்தத் தேதியைச் சொல்லிவிட்டால் மறுபிறப்பைப் பற்றிப் பேச வேறெதுவும் மிச்சமில்லை என்ற எண்ணம் சபைகளில் வேரூன்றிவிட்டது.

கிறிஸ்தவர்கள் சொல்லும் மறுபிறப்பு, செத்தபின் இன்னோர் உடலில் பிறப்பதைக் குறிப்பதல்ல. உயிரோடு இருக்கும்போதே, இதே உடம்பில், இதே ஊரில், கடவுளால் புதிதாகப் பிறப்பிக்கப்படுவது. யோவான் எழுதிய நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம்தான் இதற்கு ஆதாரம். நிக்கதேமு என்ற பரிசேயர், யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தில் இருந்தவர், இரவு நேரத்தில் இயேசுவைப் பார்க்க வருகிறார். மறுபடியும் பிறக்காதவன் இறையாட்சியைக் காண முடியாது என்று இயேசு சொன்னதும் அவருக்குத் திகைப்பு. வயதான பிறகு தாயின் வயிற்றுக்குள் திரும்பிப் போவது எப்படி என்று கேட்கிறார். தண்ணீராலும் ஆவியாலும் பிறக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, ஆவியின் செயலைக் காற்றுக்கு ஒப்பிட்டுப் பேசுகிறார் இயேசு. சத்தம் கேட்கும், புறப்பட்ட இடமும் போய்ச் சேரும் இடமும் யாருக்கும் தெரியாது.

இந்தப் பகுதியை வைத்து ஆயிரம் பிரசங்கங்கள் கேட்டிருப்போம். அன்று இரவு நிக்கதேமு மறுபடியும் பிறந்தார் என்று யோவான் எங்குமே எழுதவில்லை என்பதைச் சொல்பவர்கள் குறைவு. கேள்வி கேட்டவர் உரையாடலின் நடுவிலேயே காணாமல் போகிறார். ஏழாம் அதிகாரத்தில் மறுபடி தலைகாட்டுகிறார். இயேசுவைப் பிடிக்க ஆள் அனுப்பியவர்கள் நடுவில், ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது நம் சட்டமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். வசைதான் பதிலாக வருகிறது. கடைசியாகப் பத்தொன்பதாம் அதிகாரம். சீடர்கள் ஓடி ஒளிந்த வேளையில், வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறத்தாழ நூறு இராத்தல் சுமந்துகொண்டு, சிலுவையில் அறையப்பட்டவரை அடக்கம் செய்ய அரிமத்தியா யோசேப்போடு வந்து நிற்கிறார். இருட்டில் வந்தவர் வெளிப்படையாக வந்து நிற்பதற்கு இத்தனை அதிகாரங்கள் ஆயின. இவர் பிறந்த தேதி எது?

சபைகள் இதை ஒரே மாதிரி புரிந்துகொள்ளவும் இல்லை. கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கும் அந்தப் பிறப்பு திருமுழுக்கில் நடப்பது, கைக்குழந்தைக்கும் உண்டு. பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தேயினரும் முதலில் மனந்திரும்புதல், பிறகுதான் முழுக்கு ஞானஸ்நானம் என்பார்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, உள்ளம் புதிதாகப் பிறக்காத வெறும் சடங்குக் கிறிஸ்தவம் போதாது என்று வலியுறுத்திய ஜெர்மானியப் பக்தி இயக்கத்தின் பிள்ளை. ஆகவே தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளுக்கு இந்தப் பேச்சு தொடக்கத்திலிருந்தே பழக்கம்.

மறுபிறப்புக்குச் சான்றாக மேடைகளில் அதிகம் சொல்லப்படும் கதை ஜான் நியூட்டனுடையது. 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர். அடிமைக் கப்பல் தலைவன், நடுக்கடலில் புயல், கடவுளே இரக்கமாயிரும் என்று கதறினான், மனம் மாறி அடிமை வியாபாரத்தை உதறிவிட்டு அந்தப் பாடலை எழுதினான். இப்படித்தான் கேட்டிருப்போம். நடந்தது இப்படி அல்ல. நடந்ததுதான் மறுபிறப்பைப் பற்றி நமக்கு அதிகம் கற்றுத் தருகிறது.

1725-ல் லண்டனில் பிறந்தவர் நியூட்டன். தாய் இறந்தபோது ஏழு வயதுகூட நிறையவில்லை. கட்டாயமாகக் கடற்படையில் சேர்க்கப்பட்டு, தப்பியோடிப் பிடிபட்டு, கசையடி வாங்கி, கடைசியில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் பட்டினியும் அவமானமுமாகக் கிடந்தவர். தந்தையின் வேண்டுகோளால் அவரை மீட்டு ஏற்றிக்கொண்ட கப்பல் 'கிரேஹவுண்ட்'. 1748 மார்ச் 21 அதிகாலையில் புயல் அந்தக் கப்பலின் ஒரு பக்கத்தைப் பிளந்தது. மேலே ஏறப்போன நியூட்டனைக் கத்தி எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார் கப்பல் தலைவர். அந்த இடைவெளியில் அவருக்குப் பதிலாக மேலே போனவனை அலை வாரிக்கொண்டு போனது. உடைசல்களில் துணியையும் படுக்கையையும் திணித்தார்கள். ஏற்றியிருந்த தேன்மெழுகும் மரமும் தண்ணீரைவிட எடை குறைந்தவை என்பதால் கப்பல் மூழ்காமல் தாக்குப்பிடித்தது. மணிக்கணக்காகத் தண்ணீர் இறைத்துக் களைத்தவர், பிறகு நள்ளிரவுவரை சுக்கான் பிடித்தார். கடவுள் பெயரைச் சொல்லிக் கேலி செய்தே பழகிய வாயிலிருந்து இரக்கத்துக்கான சொல் தன்னை மீறி வெளியே வந்தது அந்த நாளில்தான். வாரக்கணக்கில் தத்தளித்துக் கப்பல் அயர்லாந்தில் கரைசேர்ந்தது.

அதே ஆண்டு நியூட்டன் மறுபடி கப்பலேறினார். அடிமைக் கப்பலில், தலைவருக்கு அடுத்த பொறுப்பில். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களுக்கு அவரே கப்பல் தலைவர். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். கீழ்த்தட்டில் விலங்கோடு மனிதர்கள் கிடந்தார்கள். 1752 டிசம்பரில் அவர்கள் கலகம் செய்யத் திட்டமிட்டது தெரியவந்தபோது, சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகுக்கருவியில் வைத்து நெரித்து உண்மையைக் கறந்தார். சதி உரிய நேரத்தில் வெளிப்பட்டது கடவுளின் தயவு என்று கப்பல் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். புயலில் இரக்கம் கேட்ட அதே மனிதர். நாலே முக்கால் ஆண்டு கழித்து. இந்தக் குறிப்பைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. அந்தச் சிறுவர்களின் பெயர் எங்கும் இல்லை.

1754-ல் அவர் கடலை விட்டதற்குக் காரணம் திடீரென வந்த நோய். மனச்சாட்சி அல்ல. பிறகு லிவர்பூல் துறைமுகத்தில் அரசு வேலை, 1764-ல் குருப்பட்டம், ஓல்னி என்ற சிற்றூரில் ஆயர் பணி. 1773 புத்தாண்டு வழிபாட்டுக்காக எழுதியதே அந்தப் புகழ்பெற்ற பாடல். அப்போதும் அடிமை வணிகத்தை எதிர்த்து அவர் வெளியே வாய் திறக்கவில்லை. தன் வாழ்க்கை வரலாற்றில் அவரே இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். அந்தத் தொழில் தவறு என்ற எண்ணமே அந்நாளில் தனக்கு எழவில்லை. புயலுக்குப் பிறகு வெகுகாலம்வரை தன்னை முழுமையான விசுவாசி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

1785 டிசம்பரில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் நாடாளுமன்ற உறுப்பினர் யாருக்கும் தெரியாமல் அவரைத் தேடி வந்தார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர். அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பம். விட வேண்டாம், அங்கேயே இருந்து உழையுங்கள் என்றார் நியூட்டன். 1788-ல், புயலடித்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 'ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய சிந்தனைகள்' என்ற சிறுநூலை வெளியிட்டார். அலமாரித் தட்டில் புத்தகங்களை அடுக்குவதுபோல மனிதர்களைக் கிடத்தியதையும், காலையில் பார்க்கும்போது பிணத்தோடு உயிருள்ளவன் பிணைக்கப்பட்டுக் கிடந்ததையும் எழுதினார். தன் பங்கை மறைக்கவில்லை; இந்த அறிக்கை மிகவும் தாமதம் என்றும் ஒப்புக்கொண்டார். விசாரணைக் குழுக்களின் முன் சாட்சியமும் சொன்னார். நம் கூட்டங்களில் சாட்சி என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை மறந்துவிட்டோம்.

நியூட்டனுக்கும் ஒரு தேதி இருந்தது. மார்ச் 21-ஐ வாழ்நாள் முழுவதும் ஜெபத்தோடு நினைவுகூர்ந்தார். 1805-ல் எழுதிய கடைசி நாட்குறிப்பும் அந்த நாளைப் பற்றியதே. அந்தத் தேதியை நான் மறுக்கவில்லை. பிறப்பு நடந்தது உண்மைதான். ஆனால் பிறந்த பிள்ளைக்குக் கண் திறக்க வெகுகாலம் ஆனது. அது திறக்காமல் இருந்த ஆண்டுகளுக்கு விலை கொடுத்தவர் நியூட்டன் அல்ல; கீழ்த்தட்டில் கிடந்தவர்கள். ஆகவே, இரட்சிக்கப்பட்டவர் என்பதாலேயே ஒருவருடைய வியாபாரத்தையும், கூலி கொடுக்கும் விதத்தையும், சாதி பார்க்கும் பழக்கத்தையும் கேள்வி கேட்காமல் விடுவது விசுவாசத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு பகுதி ஒதுக்கிய சபைகள் நம்மிடையே இருந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பர் 21-ல், 82 வயதில் நியூட்டன் காலமானார். அவர் பாடலை நம் பாடகர் குழுக்களும் பாடுகின்றன. ஆயர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்கு அந்தப் பாடலைச் சொல்லித்தரும்போது, 1788-ல் அவர் எழுதிய சிறுநூலின் சில பக்கங்களையாவது தமிழில் சொல்லிக் காட்டுங்கள்.