மலைக்குப் போனாலும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்

கொழுக்குமலையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று நண்பர்கள் கிளம்பும்போது, ஸ்லீப் ஆப்னியா உள்ளவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். "நீங்க போயிட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறார். இல்லையென்றால், ஒரு ராத்திரிதானே என்று சி-பாப் மெஷினை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். இரண்டுமே தேவையில்லை. இரண்டாவது ஆபத்தும்கூட.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான் இந்த நோய். மூச்சு முட்டும்போதெல்லாம் மூளை உலுக்கி எழுப்பும். மாஸ்க் வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, பாதையை மூடவிடாமல் பார்த்துக்கொள்கிறது மெஷின். 1981-ல் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை உலகுக்கு அறிவித்தார். இன்று பயணத்துக்கென்றே 300 கிராம் எடையில் மெஷின்கள் வந்துவிட்டன. ஆனால் மாட்டியிருக்கும்வரைதான் அது வேலை செய்யும். கழற்றினால் தொண்டை பழையபடி அடைக்கும். அப்படி அரைகுறையாகத் தூங்கியவர் காலையில் ஸ்டியரிங் பிடித்து, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். பின்சீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

கூடாரத்தில் கரன்ட்டுக்கு எங்கே போவது என்பதுதான் எல்லோருடைய தயக்கமும். அடாப்டரில் 65 வாட், 90 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். அது உச்ச அளவு. மின்சாரத்தை விழுங்குவது காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரும் சூடேறும் குழாயும்தான். இரண்டையும் நிறுத்திவிட்டால், நடுத்தர அழுத்தத்தில் பல மெஷின்களுக்குச் சுமார் 10 வாட் போதும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 80 வாட்-மணி. 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ 240 வாட்-மணி இருக்கும். இரண்டு இரவுக்குத் தாராளம்.

இன்வெர்ட்டர் வேண்டாம். அது மின்சாரத்தை மாற்றும்போதே ஒரு பங்கை வீணாக்கும். உங்கள் மெஷினுக்கென்று விற்கும் டிசி கன்வெர்ட்டரை வாங்குங்கள். பல மெஷின்கள் 24 வோல்ட்டில் ஓடுபவை என்பதால் கண்ட வயரைச் செருகக் கூடாது. இரவெல்லாம் கார் பேட்டரியில் ஓட்டினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

ஹியூமிடிஃபையரை ஓட்டினால் மலைக் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்துக்கொள்ளும். குழாயைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் மாஸ்க்குக்குள் தண்ணீர் வராது. ஹியூமிடிஃபையர் இல்லாமல் தொண்டை வறண்டே போகிறவர்கள், பெரிய பேட்டரியோடு காய்ச்சி வடித்த நீரும் எடுத்துப் போகட்டும். ஓடைத் தண்ணீர் கூடவே கூடாது.

லடாக் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. விமானத்தில் லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக முடியும். 100 வாட்-மணி வரை சிக்கலில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். ஆகவே மேலே சொன்ன பெரிய பேட்டரி சாலைப் பயணத்துக்கு மட்டும். உறைகுளிரில் லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். சோலார் பலகையில் சார்ஜ் செய்வதானால், அதை வெயில் ஏறிய பிறகு விரியுங்கள்.

பேட்டரியைவிட முக்கியம் உயரம். லே நகரமே சுமார் 3,500 மீட்டர். பல மெஷின்கள் ஏறத்தாழ 2,500 மீட்டர் வரைதான் அழுத்தத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும். அதோடு, அவ்வளவு உயரத்தில் தொண்டை அடைக்காமலே மூச்சு விட்டுவிட்டு வரும். மூச்சுவிடும்படி மூளை அனுப்பும் கட்டளையே தடுமாறுவதால் வருவது அது. சி-பாப் அதற்கு மருந்தல்ல. டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

கிளம்பும் வாரத்தில் ஒருநாள் வீட்டிலேயே பேட்டரியில் மட்டும் மெஷினை ஓட்டித் தூங்குங்கள். காலையில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பார்த்துவிட்டு, எத்தனை இரவு தங்கலாம் என்பதை முடிவுசெய்யுங்கள்.