சங்கம் கலைந்தாலும் கணக்கு அழியக்கூடாது

கன்னியாகுமரி மாவட்டம் சிதறால் மலைக்கோயிலில் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி பொன் அணிகலன் வழங்கியதை அது தெரிவிக்கிறது. அங்கு கூடிய சமணர் கூட்டம் கலைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. கோயிலும் பிற்காலத்தில் பகவதி கோயிலாயிற்று. ஆயினும் யார் எதைக் கொடுத்தார் என்பது இன்றும் தெரிகிறது. எழுதி வைத்ததே காரணம்.

கல்லில் வெட்டாதவையும் பிழைத்ததுண்டு. நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் அத்தகையவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றின் அருமையை உணர்ந்து பிரதி எடுத்தார். பின்னர் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவற்றை நூலாக்கினார். பழைய நிலம், வரி, பாசனம் பற்றி அறிய அவை உதவுகின்றன.

நம் ஊர்களில் உழவர் மன்றம், வாய்க்கால் குழு, ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் போன்றவை சில ஆண்டுகள் நடந்து நின்றுவிடுவது உண்டு. நோட்டுகள் செயலாளர் வீட்டுப் பரணில் கிடக்கும். பின்னர் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும். எந்த ரகம் எந்த மழையில் எவ்வளவு கண்டது, தண்ணீர் முறை யாருக்கு எந்த நாள், யார் கடன் தீர்ந்தது என்ற விவரங்களும் கூடவே போய்விடுகின்றன. பிற்காலத்தில் வாய்க்கால் தகராறு வந்தால் காட்டுவதற்கு ஒரு தாளும் இராது.

கடைசிக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

நோட்டுகளுக்குப் பொறுப்பாளர் இருவரைத் தீர்மானம் எழுதி நியமிக்க வேண்டும். ஒருவர் இளைஞராக இருப்பது நல்லது. எத்தனை நோட்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று பட்டியல் எழுதி முதல் நோட்டில் ஒட்ட வேண்டும். கோட்டை விதைப்பாடு போன்ற உள்ளூர் அளவுகளுக்கு எதிரே ஏக்கர், சென்ட் கணக்கையும் குறிக்க வேண்டும். தீர்மான நோட்டுக்கும் தண்ணீர் முறை நோட்டுக்கும் நகல் எடுத்து வேறொரு வீட்டில் வைப்பது அவசியம். கைபேசியில் எடுத்த படம் மட்டும் போதாது. கைபேசி பழுதானால் படமும் போய்விடும்.

பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம் கலைக்கப்பட்டால் அதன் புத்தகங்கள் கலைப்பு அதிகாரியின் பொறுப்பில் சேரும். அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது. பங்குத்தொகை ரசீது, கடன் தீர்ந்த ரசீது ஆகியவற்றை உறுப்பினர் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

பாதுகாக்கும் முறை

இம்மாவட்டத்தில் இரு பருவமழையும் பெய்வதால் ஈரமும் கறையானும் அதிகம். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, நோட்டுகளைப் பருத்தித் துணியில் கட்டி, தரையும் சுவரும் தொடாத அலமாரியில் வைக்க வேண்டும். வசம்புத் துண்டு போட்டு வைப்பது பழைய வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்தபின் நிழலில் காற்றாட விரித்து வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

வீட்டில் பழைய ஓலைச்சுவடி இருந்தால் தண்ணீர் படாமல் மென்துணியால் தூசி துடைக்க வேண்டும். படிக்கத் தெரியவில்லை என்று எறிந்துவிடாமல், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தை அணுகலாம்.

சங்கத்தை மீண்டும் தொடங்க ஆள் கிடைப்பார்கள். தொலைந்த நோட்டை மறுபடி எழுத முடியாது. நின்றுபோன சங்கத்தின் நோட்டு வீட்டில் இருந்தால், அடுத்த மழைக்குள் பரணிலிருந்து இறக்கிப் பார்ப்பது நல்லது.