ஏணியை யார் பிடிப்பது?

கண்டி வாவிக்கரையில் நின்று தலதா மாளிகையைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு காடு எழுந்து நிற்கும். உடவத்தகலே. அரசர் காலத்தில் குடிமக்கள் நுழையக் கூடாத வனமாக இருந்தது. இன்று சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் நடக்கலாம். உள்ளே, மரங்களுக்கு நடுவே, பிக்குகள் தங்கும் சிறிய ஆசிரமம் ஒன்று இருக்கிறது. உலகெங்கும் ஆஸ்பத்திரிகளிலும் கம்பெனிகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் இப்போது கற்றுக்கொடுக்கிறார்களே ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்ற மனப்பயிற்சி, அதன் வேர்களில் ஒன்று இந்தக் காட்டுக்குள் ஓடுகிறது. கண்டிக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

அங்கே வாழ்ந்தவர் ஞானபோனிக தேரர். 1901இல் ஜெர்மனியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர், இயற்பெயர் சீக்முண்ட் ஃபெனிகர். 1936இல் இலங்கைக்கு வந்து துறவியானார். நாஜிகளிடமிருந்து தப்பித்து அவருடைய தாயாரும் பின்னர் இங்கே வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் ஆங்கிலேயருக்கு அவர் ஓர் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார். ஹிட்லருக்கு அஞ்சி ஓடி வந்த குடும்பத்தின் மகனை ஜெர்மனியர் என்பதற்காகவே பிடித்துப் போய், இந்தியாவில் டேராடூன் முகாமில் வருஷக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். முகாமிலும் அவர் பாளி நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

போர் முடிந்து திரும்பியவர் கடைசியில் உடவத்தகலே ஆசிரமத்தில் தங்கினார். 1954இல் பௌத்த தியானம் பற்றிய அவருடைய நூல் வெளியானது. 1958இல் கண்டி நண்பர்கள் இருவரோடு சேர்ந்து பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். வாவிக்கரையிலிருந்து அதன் வெளியீடுகள் மெல்லிய சிறு நூல்களாக உலகம் முழுக்கத் தபாலில் போயின. அவர் சொன்ன பயிற்சி எளிமையானது. கோபம் வந்தால் கோபம் வந்திருக்கிறது என்று பார், வலி வந்தால் வலி என்று பார், அதன்மேல் எதையும் ஏற்றிவைக்காதே. 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோன் கபட்-சின் தீராத வலியால் துன்பப்பட்டவர்களுக்காகப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார். தமக்கு வழிகாட்டிய நூல்களில் ஞானபோனிகரின் நூலையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

மகிழ்ச்சியைத் தேடி உலகம் வகுத்த வழிகள் பல இப்படி எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போயிருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனதில் ஒரே கேள்விதான் எழும்: ஹந்தானைத் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு இது என்ன சொல்கிறது? நான் அப்படி ஒரு பெண்ணின் மகள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வளர்ந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, கண்டியில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள்.

ஞானபோனிகரிடம் எனக்கு மிகவும் பிடித்தது கவனப் பயிற்சி அல்ல, முதிதை. மற்றவருடைய மகிழ்ச்சியைக் கண்டு தானும் மகிழ்வது. அன்பு, இரக்கம், முதிதை, சமநிலை என்று பௌத்தம் சொல்லும் நான்கு உயர்ந்த மனநிலைகளில் ஒன்று. தன்னலமற்ற இந்த மகிழ்ச்சி மனிதருக்கு முடிகிற காரியமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அவர் ஒரு கட்டுரையே எழுதினார். முடியும் என்றார். பிறர் வாழப் பொறுக்காத மனமும் மனிதனுக்கு உண்டு, பிறர் வாழக் கண்டு பூரிக்கும் மனமும் உண்டு, இரண்டாவதை வளர்த்தெடுக்கலாம் என்பது அவர் கட்சி. மேற்கே புறப்பட்டுப் போனபோது கவனப் பயிற்சி கப்பலேறியது, முதிதை இங்கேயே தங்கிவிட்டது. தன் மனதைத் தானே பார்த்துத் தன் பதற்றத்தைத் தானே தணித்துக்கொள்வது வரைக்கும் அந்தப் பயிற்சி பெரிய உதவி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நானே கலஹா வீதியால் போய் நில்லம்ப தியான நிலையத்தில் தங்கியிருந்து அதன் பயனை அனுபவித்தவள். கண்டி நூலகத்தில் வேலை செய்த கொட்வின் சமரரத்ன என்ற இல்லறத்தார் அங்கே வெகுகாலம் கற்பித்தார். 2000இல் அவர் காலமானார். மென்மையாகப் பேசுவார், உன்னிடம் நீயே நட்பாக இரு என்பார். பல நாடுகளிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள்.

அந்த நிலையத்தைச் சுற்றிலும் தேயிலை. உள்ளே கண்மூடி உட்கார்ந்திருந்தபோது வெளியே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களின் பேச்சும் சிரிப்பும் காற்றோடு வரும். அவர்கள் சிரித்தது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போய், இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடியோடு, முழுநாள் சம்பளமான பேர் விழுமா, பாதியான அரைப்பேர் ஆகுமா என்ற கணக்கோடு நிற்கிறவர்கள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

மகிழ்ச்சியை அளக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் எழுதிய நூலில் வகுத்த கேள்வி அது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடியில் பூச்சியம், உச்சியில் பத்து. உங்களால் எண்ணிப்பார்க்க முடிந்த மிக நல்ல வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவது இந்த விடையை வைத்துத்தான். 2018இலிருந்து பின்லாந்து முதலிடத்தை விடவில்லை. இலங்கை கடைசி வரிசைகளில் கிடக்கிறது.

மஹியாவையில் என்னோடு இருக்கும் அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப்பார்த்தேன். அம்மா யோசித்துவிட்டு, “கீழ யாரு புள்ள ஏணியப் புடிச்சுக்கிறது?” என்றார்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கூரையில் தகரம் மாற்ற ஒருவர் ஏறினால் கீழே இரண்டு பேர் ஏணியைப் பிடிக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்த ஏணி அது. அதனால் அவர் கேட்டது சரியான கேள்வி. அறிக்கை எழுதுகிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. நாடுகளுக்கு இடையில் உள்ள வேறுபாட்டை விளக்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் ஆறு காரணங்களில், கஷ்டம் வந்தால் நம்பிப் போகக்கூடிய சொந்தமோ நண்பரோ உண்டா என்பதும் ஒன்று. வருமானம், ஆரோக்கியமாக வாழும் ஆயுள், தன் வாழ்க்கையைத் தானே தெரிவு செய்யும் சுதந்திரம், கொடைமனம், ஊழல் ஆகியவை மற்ற ஐந்து. ஆனாலும் ஏணியில் ஏறி நிற்பவர் தனி ஆள்தான்.

சரிம்மா, நம்பிப் போக யார் இருந்தாங்க என்று கேட்டேன். பக்கத்துக் காம்பரா அக்கா, தொங்கல் வீட்டுக் கிழவி, பிள்ளை பார்த்த ஆயம்மா என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தவர், “எங்கண்ணன்” என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

மாமா இந்தியாவுக்குப் போனவர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்து மக்களை, ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை, நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். ஒரே லயத்தில், ஒரே சுவரின் இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. கண்டியிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். மாமா நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் கொழுந்துதான், அங்கேயும் குளிர்தான். தங்கை மட்டும் இல்லை. இங்கே மிஞ்சியவர்களுக்கெல்லாம் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இந்த மலைகளுக்கு வந்த இன்னொரு மகிழ்ச்சிக் கோட்பாட்டை இங்கே சொல்ல வேண்டும். மிகப் பெரும்பான்மையோருக்கு மிகப் பெரிய மகிழ்ச்சியைத் தருவதே நல்ல சட்டம், கணக்கில் ஒவ்வொருவரும் ஒருவராகவே எண்ணப்பட வேண்டும் என்று இங்கிலாந்தில் ஜெரமி பெந்தம் கற்பித்தார். அவருடைய வழியில் வந்தவர் சார்ல்ஸ் ஹே கமரன். கோல்புறூக்கோடு சேர்ந்து இலங்கையை ஆராய வந்த ஆணைக்குழுவில் நீதித்துறையைப் பார்த்தவர். அந்த ஆணைக்குழுவின் விளைவாக இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது. கண்டிக்கு என்று இருந்த தனி நிர்வாகமும் 1833இல் முடிவுக்கு வந்தது. கட்டாய ஊழியம் ஒழிந்தது மிகப் பெரிய நன்மை, சந்தேகமே இல்லை. ஆனால் விடுபட்ட சிங்கள விவசாயி கோப்பித் தோட்டத்துக்குக் கூலியாக வரவில்லை. அந்த இடத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் முன்னோர்களைக் கொண்டுவந்தார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்து வந்தவர்கள். வழியில் செத்தவர்களை யாரும் எண்ணவில்லை. கமரனும் தோட்டங்கள் வாங்கினார். முதுமையில் இங்கேயே வந்து 1880இல் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவரும் அவர் மனைவி, புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட்டும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் எண்ணு என்ற கோட்பாட்டில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்தக் கோட்பாடு காலடி வைத்த மலைகளிலேயே ஏழு இலட்சம் பேரை எண்ணாமல் விட்டார்கள் என்பதில் மாறாத கோபமும் உண்டு.

பேராதனைக்கு வருகிறேன். 2025இல் மறைந்த கணநாத் ஒபேசேகர அங்கே படித்து, அங்கே படிப்பித்து, பிறகு அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வரை போன மானிடவியலாளர். கண்ணகியே பத்தினித் தெய்வமாக இங்கே வழிபடப்படுவதைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1984இல் வந்தது. அடுத்த வருஷம் மனச்சோர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாழ்க்கையில் பிடிப்பில்லை, எல்லாம் துன்பமயம், எதிலும் நம்பிக்கை வைக்க ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால் மேற்கத்திய மருத்துவர் அதை நோய் என்பார். இங்கே ஒரு பௌத்தர் அதையே உலகத்தின் இயல்பு என்று கண்டு, விகாரைக்குப் போய்த் தியானித்து, அந்த உணர்வுக்கு ஓர் அர்த்தம் கொடுத்துக்கொண்டு நிமிர்ந்து வாழ்கிறார். அவரை நோயாளி என்று சொல்ல முடியுமா என்று கேட்டார் ஒபேசேகர. மகிழ்ச்சிதான் மனிதரின் இயல்பான நிலை, அதிலிருந்து விலகுவது கோளாறு என்ற எண்ணத்தையே அந்தக் கேள்வி அசைத்துவிட்டது. ஆனால் இந்த வாதத்தை எங்கள் தோட்டங்களுக்குக் கொண்டுவரும்போது கவனமாக இருக்க வேண்டும். லயத்துப் பெண்ணின் துயரம் தத்துவம் அல்ல. கூரை ஒழுகினால் கூரையைத்தான் மாற்ற வேண்டும்.

அதற்குச் சான்று அதே பேராதனையில் இருக்கிறது. 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. பேராதனை போதனா வைத்தியசாலையின் மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்த ஆய்வாளர்களும் உயிரிழப்புகளின் காரணத்தைத் தேடி, கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளில் வந்து நின்றார்கள். 1995 தொடங்கிப் படிப்படியாக அவற்றுக்குத் தடை வந்தது. உயிரிழப்பு விகிதம் அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. நெருக்கடியான அந்த ஒரு வேளையைக் கடந்துவிட்டால் மனிதர்கள் வாழவே விரும்புகிறார்கள் என்பது நமக்குத் தெரியவந்தது. மகிழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், எத்தனையோ குடும்பங்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்த வேலை இது.

வகுப்பில் நான் ஆசையோடு படிப்பித்தது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தோன்றி, எதிரே இருப்பவர் அறியும்படி வெளிப்படுவது மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று உவகை. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர்: செல்வம், அறிவு, கூடல், விளையாட்டு. முதலில் செல்வத்தைச் சொல்ல அவர் தயங்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வேன். 2021இல்தான் தோட்டத் தொழிலாளியின் ஒருநாள் சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டது, 2024இல் 1,350 ஆனது. அதற்காக எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை ஊர்வலம்! செல்வம் இல்லாத இடத்தில் மற்ற மூன்றும் தாங்கிப் பிடிக்கும், ஆனால் எவ்வளவு காலத்துக்கு?

விளையாட்டு என்றதும் எனக்குக் காமன் கூத்துத்தான் நினைவுக்கு வரும். மாசி மாதத்தில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, மன்மதனும் ரதியும் வீடு வீடாக ஆடிவர, தப்பு முழங்க, கடைசி இரவில் சிவன் மன்மதனை எரிப்பதும், ரதி அழுது அவனை மீட்பதுமாக விடிய விடிய நடக்கும். ரதியாக ஆடுவதும் ஆண்பிள்ளைதான், விரதமிருந்து ஆடுவான். கணவனைப் பறிகொடுத்த ரதி புலம்பும்போது கோச்சியேறிப் போனவர்களை நினைத்துக் கூட்டமே அழும். அழுது முடித்து, மன்மதன் எழுந்ததும் சிரிப்பும் கும்மாளமுமாகிவிடும். நில்லம்ப மலையில் நான் கேட்ட சிரிப்புக்கு ஊற்று இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். இதில் பார்க்க மட்டும் வந்தவர் என்று ஒருவரும் கிடையாது. காசு இருக்கிறவர் காசு, அரிசி இருக்கிறவர் அரிசி, இரண்டும் இல்லாதவர் விறகு.

இப்போது இளைஞர்கள் பெரும்பாலும் கொழும்புக் கடைகளில் வேலை. எங்கள் தோட்டத்தில் இந்த வருஷம் ரதியாக ஆடிய பையன் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். விரதம் முழுவதற்கும் லீவு கிடைக்காது என்றதும், கடையிலேயே மாமிசம் தொடாமல் இருந்து, கடைசி நாட்களுக்கு மட்டும் வந்தான். அவன் இல்லாத நாட்களில் அவன் தம்பி ரதியாக ஆடினான். அதை ஏற்றுக்கொள்ளலாமா என்று காமன் பொட்டலில் பெரியவர்கள் கூடிப் பேசி, ஏற்றுக்கொண்டார்கள்.